480 நாள் நிக்க விடாதவன் கேக்குறான், ஏன் தம்பி ஒரு எடத்துல நிக்கலன்னு

இன்டர்வியூல ஒரு கேள்வி வரும் பாருங்க, அதக் கேட்டாலே எனக்கு மண்டைக்கு ஏறிடுது. "என்ன தம்பி, இத்தன கம்பெனி மாறிருக்கீங்க, எங்கயும் நிலையா நிக்க மாட்டீங்களா?" ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு ரெசியூமைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, என்னமோ நான் வேலைக்குப் போற எடத்துல எல்லாம் பொட்டியத் தூக்கிட்டு ஓடி வந்தவன் மாதிரி கேக்குறாங்க. யோவ் நான் எங்கய்யா மாறுனேன், நீங்கதானய்யா கேட்டுக்கு வெளிய விட்டீங்க, வெளிய விட்டவனே இப்ப ஏன் வெளிய நிக்கிறன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், மறைமலை நகர் பக்கம் டிப்ளமோவோ ஐடிஐயோ முடிச்சிட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பாத்த எவனைக் கேட்டாலும் இதே கதையத்தான் சொல்வான். செய்யாறு, திண்டிவனம், கள்ளக்குறிச்சி, தர்மபுரின்னு ஊர்தான் வேற. ஒரே லைன்ல பக்கத்து பக்கத்துல நின்னு ஒரே வேலைய செய்வோம், அவரு பர்மனென்ட், நான் சிஎல், அதாவது கான்ட்ராக்ட் லேபர், ஐடி கார்டு கயிறு மட்டும் வேற கலர். சம்பளம் பாதிகூட வராது. சரி போகட்டும், ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிட்டு நின்னா பர்மனென்ட் ஆக்கிருவாங்கன்னு சீனியர் சொல்வாரு, சூப்பர்வைசர் சொல்வாரு, வீட்லயும் அதையேதான் சொல்வாங்க. நிப்போம். அப்புறம் ஒரு நாள் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல இருந்து போன் வரும், "நாளையில இருந்து பிரேக், ரெண்டு மாசம் கழிச்சு கூப்புடுறோம்".

இந்த பிரேக் சும்மா வர்றது இல்ல, பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம்னு தமிழ்நாட்டுக்குன்னே 1981ல ஒண்ணு போட்டுருக்காங்க, 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பாத்தா அந்தத் தொழிலாளிய நிரந்தரம் ஆக்கணும். படிச்சா எவ்ளோ நல்லா இருக்கு. லீவு, உடம்பு சரியில்லாம போனது எல்லாம்கூட அந்த நாள் கணக்குல சேரும்னு எழுதியிருக்கு. ஆனா அந்த 480ஐ நம்மள விட அவங்கதான் கரெக்டா எண்ணிட்டு இருக்காங்க, நமக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறதே வெளிய வந்தப்புறம் எவனாச்சும் டீக்கடையில சொல்லித்தான் தெரியுது. 400ஐத் தாண்டுறப்பவே பேரு பிரேக் லிஸ்ட்ல போயிரும். இல்லன்னா அதே கேட், அதே மெஷின், அதே வேலை, கான்ட்ராக்டர் பேரு மட்டும் மாறும், நீ புது ஆளு, ஒண்ணுல இருந்து எண்ணு.

அது கூடத் தேவையில்ல, தொழிலாளின்னே கூப்புடாம விட்டா எண்ணவே வேணாம்ல! அப்ரண்டிஸ்னு எடுப்பாங்க, 1961 சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே கிடையாது, பயிற்சி எடுக்கிறவன், முடிச்சப்புறம் வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயமும் இல்ல. அப்புறம் நீம் ட்ரெய்னின்னு ஒண்ணு வந்துச்சு, தொழில்நுட்பப் படிப்புகளப் பாத்துக்கிற ஏஐசிடிஇ 2013ல கொண்டு வந்த திட்டம், 36 மாசம் வரைக்கும் ட்ரெய்னிங்காம், குடுத்தது அன்ஸ்கில்டு ஆளோட குறைஞ்சபட்ச கூலி அளவுக்கு ஸ்டைபண்ட், பிஎஃப் கிடையாது. மூணு ஷிப்ட்லயும் புரொடக்ஷன் எடுக்கிறவனுக்கு என்னய்யா ட்ரெய்னிங்? நைட் ஷிப்ட்ல தூங்காம இருக்கவா?

சரி அந்த ட்ரெய்னிங்ல என்ன கத்துக்கிட்டேன்னு கேளுங்க. சிஎன்சின்னு கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்ல பீஸை மாட்டணும், சைக்கிள் ஸ்டார்ட்ட அமுக்கணும், கதவு தொறந்ததும் எடுத்து கேஜ் போட்டு அளவு பாக்கணும், அடுத்த பீஸ். அளவைத் திருத்துற ஆஃப்செட்ல கை வச்சா திட்டு விழும், அது மெஷினை செட் பண்ற செட்டர் வேலை. டிராயிங் கண்ல காட்ட மாட்டாங்க. அசெம்ப்ளி லைன்னா இன்னும் மோசம், ஒரே ஸ்டேஷன்ல ஒரே நாலு போல்ட்ட டார்க் கன் வச்சி முடுக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் ஸ்டேஷன் மாத்தி விடுங்க சார் கத்துக்கிறேன்னு கேட்டா "உனக்கு எதுக்குத் தம்பி, இன்னும் எவ்ளோ நாள் இருக்கப்போற"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. அவங்க சொல்றதும் அவங்க கணக்குல கரெக்டு, போகப் போறவனுக்கு எவன் கத்துக் குடுப்பான். ஆனா அடுத்த கம்பெனியில மொதக் கேள்வியே "ஃபானுக் கன்ட்ரோல் இருக்கிற சிஎன்சியில புரோகிராம் எடிட் பண்ணுவீங்களா, செட்டிங் தெரியுமா". தெரியாதுன்னா, இத்தன வருஷ அனுபவம்னு போட்டுருக்கீங்களேன்னு ஒரு நக்கல் சிரிப்பு.

இப்ப முப்பதைத் தொட்டாச்சு. வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வேலை விளம்பரத்த எல்லாம் எடுத்துப் பாருங்க, வயசு 18 முதல் 25. நல்ல வேலைன்னு நினைச்சிராதீங்க, அதே சிஎல் வேலைதான், அதுக்கே நான் ஓவர் ஏஜ். நேத்து பாலிடெக்னிக் முடிச்ச பையன் கெடைக்கிறப்ப இவனை எதுக்கு எடுக்கணும்னு நினைக்கிறான், கல்யாணம் குழந்தைன்னு ஆனவன் ஓடியாடி வேலை பார்க்க மாட்டானாம், ஓவர்டைம்க்கு இழுக்க முடியாதாம். மேல போலாம்னா செட்டர், லைன் லீடர் வேலைக்கு "பர்மனென்ட் ரோல்ல எத்தன வருஷம்"னு கேக்குறான். கீழ வயசு தாண்டிருச்சு, மேல தகுதி இல்ல. அப்ப இருபது வயசுல இருந்து முப்பது வரைக்கும் நான் முடுக்குன போல்ட் எல்லாம் எவன் கணக்குல போச்சு? சம்பளம் பேசும்போது மட்டும் கரெக்டா "கடைசியா வாங்குன சம்பளம் எவ்ளோ"ன்னு கேட்டு அந்த அடிமாட்டுச் சம்பளத்து மேல பத்து பர்சன்ட் போடுவான்.

பிஎஃப் கூத்து தனி. கான்ட்ராக்டர் மாற மாற ஒரு மெம்பர் ஐடி, ஒருத்தன் அப்பா பேரத் தப்பா அடிச்சிருக்கான், ஒருத்தன் பொறந்த தேதிய மாத்தி வச்சிருக்கான், திருத்தப் போனப்ப அந்த கான்ட்ராக்டர் கையெழுத்து வேணும்னாங்க, அந்தாளு ஆபீஸைக் காலி பண்ணிட்டு எங்க போனான்னே தெரியல, அந்த ஷட்டர்ல இப்ப பிரியாணிக் கடை ஓடுது. மாசாமாசம் பென்ஷனுக்குன்னு அதிகபட்சம் 1,250 ரூபா போகுது, ஆனா பென்ஷன் வரணும்னா 10 வருஷ சர்வீஸ் வேணும். பிரேக் விட்ட மாசத்துல ரூம் வாடகைக்கு வழி இல்லாம ஃபார்ம் 10சி போட்டு அந்தக் காச எடுத்தவன் எத்தன பேரு! எடுத்துட்டா அந்த வருஷக் கணக்கு போச்சு, மறுபடி ஒண்ணுல இருந்து. அப்ரண்டிஸா நீம்ல இருந்த வருஷம் அந்தக் கணக்குலயே கிடையாது. 58 வயசுல வர வேண்டிய காசுலயும் இப்பவே ஓட்டை போட்டு வச்சிருக்கானுங்க.

வருஷம் பூரா ஓடுற மெயின் வேலைக்கு கான்ட்ராக்ட் ஆள் வைக்கிறத அரசாங்கம் தடை பண்ணலாம்னு 1970லயே சட்டம் வந்தாச்சு. தடை பண்ணாலும் அந்த ஆளுங்க தானா கம்பெனி ஆளு ஆயிற மாட்டாங்கன்னு 2001ல செயில்ங்கிற அரசு ஸ்டீல் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அப்ப கேஸ் போடணும், நிரூபிக்கணும், கேஸ் போட்ட பேரு ஏரியா பூரா ஹெச்ஆர் குரூப்ல சுத்தும்ங்கிற பயத்துலயே பாதிப் பேரு வாயத் தொறக்கிறது இல்ல.

உடனே ஒருத்தர் வருவாரு, பர்மனென்ட் மட்டும் என்னப்பா நிரந்தரம், 2014ல நோக்கியா மூடலையா, 2022ல மறைமலை நகர்ல ஃபோர்டு நிறுத்தலையான்னு. மூடுனாங்க, நான் இல்லன்னு சொல்லல, அந்தக் குடும்பங்க பட்ட பாடு சாதாரணப் பாடு இல்ல. ஆனா அங்க யூனியன் உக்காந்து செட்டில்மென்ட் பேசுச்சு, கையில ஒரு தொகையும் ஒரே கம்பெனியில இத்தன வருஷம்னு ஒரு சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வந்தாங்க. எனக்கு செட்டில்மென்ட்னா ரெண்டு பழைய யூனிபார்ம் சட்டையத் திருப்பிக் குடுத்தது, ஒரு சேஃப்டி ஷூவுக்கு சம்பளத்துல பிடிச்சது.

பொண்ணு பாக்கப் போன எடத்துல "கம்பெனியில பர்மனென்டா"ன்னு கேட்டதையும் பேங்க்ல லோனுக்கு அலைஞ்சதையும் எழுத ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது, விடுங்க.

இப்ப 2025 நவம்பர் 21ல இருந்து புது லேபர் கோடு, அதாவது புது தொழிலாளர் சட்டம் அமல்னு அறிவிச்சிட்டாங்க, இத்தன நாளுக்குன்னு அக்ரிமென்ட் போட்டு எடுக்கிற ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கு அஞ்சு வருஷம் காத்திருக்க வேணாம், ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி, வேலைய விட்டுப் போறப்ப குடுக்கிற தொகை கெடைக்கும்னு எல்லாரும் ஃபார்வேர்ட் பண்ணி ஹார்ட் விடுறாங்க. 480 வரைக்கும் எண்ணிப் பழகுனவனுக்கு 365 எண்ண வராதா? பதினோரு மாச அக்ரிமென்ட் எவனாச்சும் நீட்டுனான்னா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கங்க, ஏன்னா அதே ஆளுதான் நாலு வருஷம் கழிச்சு வேற கம்பெனி ஹெச்ஆர் சீட்ல உக்காந்துகிட்டு ஏன் தம்பி எங்கயும் ஒரு வருஷம்கூட முழுசா இருக்கலன்னு கேப்பான்.