மாமா எந்த ஆண்டு இறந்தார்?

போன மாதம் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து என் தாய்மாமா எழுதிய புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். கணினித் திரையில்தான். 1962-இல் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சான சிறுகதைத் தொகுப்பு அது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிரதி, கம்பத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு மாறிய நாளில் எந்தப் பெட்டியோடோ போய்விட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை முடிந்து வந்து, லுங்கியோடு வாசல் பலகையில் உட்கார்ந்து எழுதிய மனுஷன், கதைக்குள் எவ்வளவு கிண்டல் வைத்திருக்கிறார் என்று எனக்கு 66 வயதில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டலாம் என்று திறந்தால், திறக்கவில்லை. நூலகக் கட்டடத்துக்குள் உள்ள கணினியில் மட்டும் பார்க்கலாமாம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுதியது நம் ஆள், ஸ்கேன் செய்தது நம் வரிப்பணம், அப்புறம் யாருக்குப் பயந்து பூட்டு? மறுவாரம் போய் அங்கிருந்த பெண்ணிடம் இதையே கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை அமைதியாக, "அங்கிள், இவர் எந்த வருஷம் இறந்தார்னு தெரியுமா?" என்றது.

தெரியவில்லை. சொந்தத் தாய்மாமா. எழுபதுகளின் கடைசி என்று மட்டும் ஞாபகம்.

அன்றிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். கற்றுக்கொண்டதைக் கொட்டிவிடுகிறேன், ஏனென்றால் இதே பூட்டைப் பார்த்து முகநூலில் நூலகத்தைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

சிங்கப்பூரில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்த ஆண்டின் கடைசியிலிருந்து 70 ஆண்டு நிற்கும். முன்பு 50 ஆண்டுதான். அமெரிக்காவோடு செய்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி, 2004 ஜூலை 1 முதல் 70 ஆனது. அதற்குள் 50 ஆண்டு முடிந்து உரிமை போனவை போனவைதான். உயிரோடு இருந்த உரிமைக்கெல்லாம் 20 ஆண்டு கூடியது. அதனால் ஒரு வேடிக்கை. 1953 டிசம்பரில் கண்ணை மூடியவரின் எழுத்து 2004 பிறக்கும்போதே எல்லாருக்கும் சொந்தம். ஒரு மாதம் தள்ளி 1954 ஜனவரியில் போனவருடையது 2024 கடைசிவரை பூட்டில் இருந்தது. ஒரு மாத ஆயுளுக்கு 21 ஆண்டுப் பூட்டு.

ஆக, நூலகக்காரர்களுக்கு வேண்டியது இறந்த ஆண்டு. தமிழ்ப் புத்தகத்தில் அதைத் தேடுவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். அட்டையில் இருப்பது புனைபெயர். உள்ளே இருப்பது ஒற்றை முதலெழுத்தோடு இன்னொரு பெயர். சில சமயம் ஊர்ப்பெயர்தான் பெயரே. பதிப்பாளர் என்று போட்டிருக்கும் முகவரி ஒரு வீடு, அந்த வீடிருந்த தெருவே இன்று இல்லை. "உரிமை ஆசிரியருக்கே" என்று மட்டும் தெளிவாக அச்சடித்திருப்பார்கள், அந்த ஆசிரியர் யார் என்பதைத் தவிர!

ந. பழனிவேலு மாதிரிப் பெரிய பெயர் என்றால் சிக்கலில்லை. 2000-இல் மறைந்தார், 2070 முடிய உரிமை உண்டு, கணக்கு முடிந்தது. சதாசிவ பண்டிதர் 1887-இல் இங்கே அச்சிட்ட சிங்கை நகர் அந்தாதிக்கும் கவலையில்லை, அது எப்போதோ பொதுச் சொத்து. திண்டாட்டமெல்லாம் நடுவில், ஐம்பது அறுபதுகளில் ஒரே ஒரு புத்தகம் போட்டுவிட்டுக் காணாமல் போன துறைமுகத் தொழிலாளி, வாத்தியார், கிளார்க் இவர்களுடைய எழுத்தில்தான். நம் ஊர் வாழ்க்கை அதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு கூத்து உண்டு. எழுதியவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாத புத்தகமானால், வெளியான ஆண்டிலிருந்து 70 எண்ணுவார்கள். மாமா புனைபெயரில் எழுதியவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் 2032-ஓடு பூட்டு கழன்றிருக்கும். அவர் யார் என்று சொல்லி, 1978-இல் மன்னார்குடியில் இறந்தார் என்று சான்றிதழும் காட்டினால் 2048 வரை நீளும். உண்மையைச் சொன்னதற்கு 16 ஆண்டு தண்டனை! மகள் சிரித்தாள். "சொல்லாம விட்டுடுங்கப்பா."

சொல்லத்தான் போகிறேன். பெயர் தெரிந்தால்தான் வாரிசு தெரியும், வாரிசு இருந்தால்தான் இன்றைக்கே "திறந்து விடுங்கள்" என்று கையெழுத்துப் போட முடியும். 2032-இல் எனக்கு வயது 72 தாண்டியிருக்கும். அதுவரை ஏன் காத்திருக்கணும்?

இதே புத்தகத்தின் ஒரு பிரதி கடல் தாண்டிப் போனால் கணக்கு மாறிவிடும். இந்தியாவில் இறந்தபின் 60 ஆண்டு, ஆக 2038 முடிய. அமெரிக்காவில் இந்த வயது வெளிநாட்டுப் புத்தகத்துக்கு வெளியானதிலிருந்து 95 ஆண்டு, அதாவது 2057. ஒரே மாமா, ஒரே கதை, மூன்று நாட்டில் மூன்று தேதி.

அமெரிக்கர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தேன். அங்கே பல்கலைக்கழக நூலகங்கள் 2008-இல் சேர்ந்து ஹாத்தி டிரஸ்ட் என்று ஒன்று தொடங்கின. ஹாத்தி என்றால் இந்தியில் யானை. மறக்காத பிராணி என்பதற்காக வைத்த பெயர். 1923 முதல் 1963 வரை அங்கே வெளியான புத்தகங்களுக்கு 28-ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், இல்லையென்றால் போச்சு. புதுப்பித்தார்களா என்று ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதாக அனுபவசாலி ஒருவர் தீர்ப்பு சொல்வார். இப்படி லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள்.

அவர்களும் ஒருமுறை வழுக்கி விழுந்தார்கள். 2011-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத 'அனாதைப் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. எழுத்தாளர் சங்கத்தார் தேடினால், பட்டியலில் இருந்த ஒருவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு முகவர்கூட இருக்கிறார்! திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "அரிய நூல், உரிமை யாருக்கும் இல்லை" என்று பிடிஎஃப் அனுப்பும் அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். உரிமையாளரைத் தெரியாது என்பதும் உரிமையே இல்லை என்பதும் வேறு வேறு. பாதுகாப்புக்காக நகலெடுத்து வைக்க நூலகத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. ஊருக்கே திறந்துவிட அது போதாது.

கேட்டு வாங்கினால் நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2015-இல், நாட்டின் 50-ஆம் ஆண்டுக்கு, 1965-க்குப் பிறகு வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ மின்னாக்கம் செய்தார்கள். எழுத்தாளர்களிடமும் குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி நடந்த வேலை. 1965-க்கு முந்தியவர்களுக்கு அப்படி யாராவது கதவைத் தட்டணும். தட்ட வேண்டியது குடும்பத்துக்காரர்களான நாமே என்பேன். தமிழ் முரசு பழைய இரங்கல் விளம்பரங்களை நான் இப்போது வரிவிடாமல் படிக்கிறேன். அதில்தான் புனைபெயர், சொந்தப் பெயர், இறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கிறது. வீட்டில் யாராவது எழுதியவர் இருந்தால் இந்த நாலு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி நூலகத்துக்குக் கொடுங்கள்.

மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் சம்மதிக்கணும். மன்னார்குடியில் இருக்கும் கடைக்குட்டியிடம் வீடியோ அழைப்பில் சொன்னபோது, "எங்க அப்பா கதை எழுதுவாரா மச்சான்?" என்று கேட்டான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, 1971-இல் தளம் மூடியதோடு குடும்பம் ஊருக்குப் போனது. ஒரு கதையை வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டான். அன்று ராத்திரியே கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பினான். கிள்ளானில் இருக்கும் அத்தாச்சியும் கொடுத்துவிட்டார். மூத்தவர் இறந்துவிட்டதால் அவர் பிள்ளைகளிடம் வாங்கணும், அதுவும் வந்துவிடும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நூலகப் பிள்ளை புத்தகத்தின் முதல் பக்கங்களைக் காட்டியது. அணிந்துரை ஒருவர், வாழ்த்துரை ஒருவர், வெண்பாவில் வாழ்த்துப்பா இன்னொருவர். அவரவர் எழுதியதற்கு அவரவருக்கு உரிமை, அவரவர் இறந்த ஆண்டிலிருந்து கணக்கு. அந்தக் காலத்தில் புத்தகம் போட்டால் ஊரில் உள்ள பெரிய மனிதரெல்லாம் எழுதணும் என்று ஒரு வழக்கம். மாமா யாரையும் விடவில்லை. அணிந்துரைக்காரர் வீட்டைப் பிடித்துவிட்டேன், பேத்தி ஈசூனில் இருக்கிறார். மற்ற இருவரையும் விசாரித்து வருகிறேன்.

மிச்சம் அட்டைப்படம். தோணியில் ஒருவன் நிற்கிறான், பின்னால் கப்பல். வலது மூலையில் 'ம' என்று ஓர் எழுத்து, அதன் கீழே மீன் மாதிரி ஒரு வளைந்த கோடு. அறுபதுகளில் இங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தவர்களில் இப்படிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள். பழைய புத்தகம் கையில் இருந்தால் அட்டையின் மூலையைப் பாருங்கள்.