ஸ்டூக்காவுக்கு முந்தைய யுங்கர்ஸ்

யுங்கர்ஸ் என்ற ஜெர்மானிய விமான நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஊளையிட்டபடி தலைகுப்புறப் பாய்ந்து குண்டு போடும் ஸ்டூக்காதான். போர் ஆவணப்படங்களின் உபயம் இது. ஆனால் யூ-87 எனப்படும் அந்த விமானம் முதன்முதலில் பறந்தது 1935 செப்டம்பரில்; நிறுவனர் ஹ்யூகோ யுங்கர்ஸ் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே, தொழிற்சாலையைப் பறிகொடுத்த நிலையில், காலமாகிவிட்டார். அந்நிறுவனத்தின் உண்மையான சாதனை ஸ்டூக்கா அல்ல, 1919இல் பறந்த எஃப்-13 என்ற சிறிய பயணிகள் விமானம்தான் என்பது என் உறுதியான கருத்து.

யுங்கர்ஸ் விமானியாகத் தொடங்கியவர் அல்லர். டெஸ்ஸாவ் நகரில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் தயாரித்து விற்றவர். ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மெல்லிய தகட்டை வளைத்துப் பொருத்தி உறுதியாக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. அக்காலத்து விமானங்களோ மரச்சட்டங்களின் மேல் துணி போர்த்தி, இறக்கைகளைக் கம்பிகளால் இழுத்துக் கட்டியவை. அந்தக் கம்பிகள் அத்தனையும் காற்றைத் தடுப்பவை என்பதால், தடித்த இறக்கையைச் செய்து தாங்கும் சட்டகத்தை அதற்குள்ளேயே ஒளித்துவிட்டால் கம்பிகளே வேண்டாம் என்று அவர் கருதினார்; 1910இலேயே இதற்குக் காப்புரிமையும் பெற்றார். இந்த எண்ணத்தில் பிறந்த ஜே-1 விமானம், 1915 டிசம்பரில் பெர்லினை அடுத்த டோபெரிட்ஸில் பறந்தது. எஃகுத் தகட்டால் ஆனதால் கனம் அதிகம். நேர்ப்பறப்பில் வேகம் இருந்தும் மேலேறத் திணறியது. ‘தகரக் கழுதை’ என்ற பட்டப்பெயர் அதற்குப் பொருந்தாமலும் இல்லை.

எஃகை விட்டு டூராலுமின் என்ற அலுமினியக் கலவைக்கு மாறி, தகட்டை நெளிநெளியாக மடித்து வலுவூட்டிய பிறகுதான் அந்த எண்ணம் முழுமை பெற்றது. ஓட்டோ ராய்ட்டர் வடிவமைத்த எஃப்-13, முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு மூன்று நாள் முன்னதாக, 1919 ஜூன் 25 அன்று பறந்தது. மூடிய அறையில் நான்கு பயணிகள் இருக்கைப் பட்டையுடன் அமர, விமானி மட்டும் முன்னே திறந்தவெளிக் காற்றில் உட்கார்ந்திருப்பார். முழுக்க உலோகத்தாலான முதல் பயணிகள் விமானம் அது. முந்நூறுக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. ஒற்றை இறக்கை, கட்டுக்கம்பி இன்மை, உலோக உடல் என்று இன்றைய விமானத்தின் அடையாளங்கள் அனைத்தும் அதில் இருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுவதும் எழுந்த விமானங்கள் பல இதன் வாரிசுகளே.

இருப்பினும் யுங்கர்ஸைக் குறையற்றவராகக் காட்டும் பதிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. நெளிதகட்டை அவர் நிறுவனம் அளவுக்கு மீறி நேசித்தது. நெளிவால் காற்று உரசும் பரப்பு கூடும், வேகம் குறையும். அமெரிக்காவில் போயிங் 247 வழவழப்பான உடலோடு 1933இல் சேவைக்கு வந்தபோது, மூன்று இயந்திர யூ-52 இன்னும் நெளிதகட்டையே போர்த்தியிருந்தது. அது நம்பகமான விமானம்தான், ஜெர்மானிய விமானச் சேவையான லுஃப்தான்சாவின் முதுகெலும்பும் அதுவே. ஆனால் வடிவமைப்பில் பழைய தலைமுறையைச் சேர்ந்தது. அவரை வெறும் அமைதிவாதியாக வரைவதும் சரியல்ல. முதல் உலகப் போரில் கவசமிட்ட ஜே-4 விமானத்தைக் களத்துக்கு அனுப்பியவர் அவர். ஜெர்மனி போர் விமானம் வைத்திருப்பதை வெர்சாய் உடன்படிக்கை தடைசெய்திருந்த காலத்தில் மாஸ்கோவை அடுத்த ஃபிலியில் ஜெர்மானிய ராணுவத்தின் ஆதரவோடு தொழிற்சாலை நடத்தியவரும் அவர்தான்.

ஆனாலும் 1933க்குப் பின் நடந்தவற்றை அவர் கணக்கில் எழுத முடியாது. நாஜி அரசு தேசத்துரோக வழக்கைக் காட்டி மிரட்டி முதலில் காப்புரிமைகளையும் பிறகு பெரும்பான்மைப் பங்குகளையும் எழுதி வாங்கிக்கொண்டு, அவரை டெஸ்ஸாவுக்குள் நுழையவிடாமல் பவேரியாவில் வீட்டுக்காவலில் வைத்தது. 1935 பிப்ரவரி 3, அவருடைய 76ஆவது பிறந்தநாள், அன்றே இறந்தார். எஞ்சிய பங்குகள் மனைவியிடமிருந்து அரசின் கைக்குப் போயின. பயணிகளுக்காகப் பேர்பெற்ற யூ-52, 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவின் படைகளை மொராக்கோவிலிருந்து சுமந்தது. 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் கெர்னிகா நகர் மீது குண்டு பொழிந்தது. அதற்குப் பின் பதினையாயிரத்துக்குப் பக்கமாகத் தயாரான யூ-88 குண்டுவீச்சு விமானங்களும் அதே யுங்கர்ஸ் பெயரில்தான் வெளிவந்தன. பெயரை மாற்றும் தேவை அரசுக்கு இருக்கவில்லை.