ஒப்பந்ததாரர்கள் குளியலறையை முதல் நாளே உடைத்துப் போடுவது ஏன்?

என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்ற ஆண்டு ஜூன் கடைசியில் தொடங்கி 47 நாள் அவர் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய் வந்தார். எங்கள் வாசலில் மூன்று படி, அவர்கள் வாசலில் நான்கு படி. இரவில் எழுந்து போக நேரிடுமே என்று, மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சிறுநீர்த் தொற்று வந்து, மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை நங்கநல்லூரில் 1991இல் அப்பா கட்டிய வீடு. குளியலறைச் சுவருக்குள் இருந்த பழைய ஜி.ஐ. குழாய்கள் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள்) துருவேறிக் கசியத் தொடங்கியிருந்தன. சமையலறைக் கூரையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. மொட்டைமாடியில் தட்டோடுகளுக்கு நடுவே விரிசல். ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆடியில் யாரும் புதுவீடு தொடங்க மாட்டார்கள், ஆள் தாராளமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஆடிதான் ஊர்த் திருவிழா மாதம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தெரிந்தவர் சொல்லித்தான் அந்த ஒப்பந்ததாரர் வந்தார். பொருளும் கூலியும் சேர்த்து 4,80,000 ரூபாய் என்றார். முன்பணமாக 2,00,000 கொடுத்தேன். ஒரு தாளில் எழுதியும் தந்தார். அதில் இருந்தது மூன்றே வரி: குளியலறை முழுதும், சமையலறைக் கூரை, மாடித் தளம். எந்தக் குழாய், எந்த டைல்ஸ், எது முடிந்தால் எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்று ஒரு சொல் கிடையாது.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு நான்கு பேர் சம்மட்டியோடு வந்தார்கள். மாலைக்குள் கழிப்பறைக் கோப்பை, சுவர் டைல்ஸ், தரை, குழாய் எல்லாம் போய்விட்டன. இடிபாடு தெருவோரம் குவிந்தது. "பார்த்தீர்களா மேடம், ஒரே நாளில் முடித்துவிட்டோம்" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு 19 நாள் ஒருவரும் வரவில்லை. அந்த இடிபாட்டுக்கு மாநகராட்சி ஊழியர்கள் வந்து அபராதம் கேட்டபோது வாசலில் நின்றவள் நான்.

அந்த வேகத்தின் பொருள் எனக்கு இப்போது புரிகிறது. உடைப்பதற்குச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நான்கு பேரின் ஒரு நாள் கூலி போதும். ஆனால் உடைத்த நிமிடத்திலிருந்து வீட்டுக்காரர் அவருடைய பிடியில் இருக்கிறார். வேறொருவர் உடைத்துப் போட்ட இடத்தில் கைவைக்க எந்த மேஸ்திரியும் யோசிப்பார். வந்தாலும் "இதை யார் செய்தது?" என்று கேட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு தொகை சொல்வார். கையில் பணமும் போய், வீட்டில் குளியலறையும் இல்லாமல் நிற்பவரால் கறாராகப் பேச முடியாது. கெஞ்சத்தான் முடியும். நானும் கெஞ்சினேன். டைல்ஸ் வாங்க வேண்டும் என்று நடுவில் அவர் கேட்டபோது இன்னும் 1,10,000 கொடுத்ததும் அந்த நிலையில்தான்.

சொன்ன காரணங்களை விரிவாக எழுத விருப்பமில்லை. ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், எம்-சாண்ட் லாரி வரவில்லை, பிளம்பருக்குக் காய்ச்சல், நாளைக் காலை ஆள் நிச்சயம். வீடு பழுது பார்த்த எல்லோருக்கும் இவை மனப்பாடம்.

இருபதாம் நாள் ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளம்மாவும் வந்தார்கள். கொத்தனாருக்கு ஐம்பது வயது இருக்கும். வந்ததும் பேசாமல் ரசமட்டத்தை எடுத்துத் தரையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். "வாட்டம் கதவுப் பக்கம் போகிறது அம்மா. இப்படியே டைல்ஸ் போட்டால் தண்ணீர் கூடத்துக்குத்தான் வரும்" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் வாட்டத்தைப் பார்த்திருக்கவில்லை. மதியம் வராந்தாவில் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்தபோது அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தார். அப்போதுதான் கொத்தனார் சொன்னார்: "கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. எங்களுக்கே நான்கு வாரக் கூலி பாக்கி. உங்கள் பணத்தில் வேளச்சேரி வீட்டுக்கு டைல்ஸ் இறங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரர் கொடுத்தது அதற்கு முந்தைய வீட்டுக் கூலிக்குப் போயிற்று."

நடப்பது முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. உங்கள் முன்பணம் உங்கள் வீட்டுக்காக வாங்கப்படுவதே இல்லை. நேற்றைய வீட்டின் பள்ளத்தை இன்றைய வீட்டின் பணத்தால் நிரப்புகிறார்கள். உங்கள் வீட்டுப் பள்ளத்தை நிரப்ப நாளை இன்னொருவர் முன்பணம் தர வேண்டும். அவர் கிடைக்கும் வரை உங்கள் வீட்டுக்கு ஆள் வராது. புதிதாக ஒரு வீடு கிடைத்தால் அங்கே உடைக்கப் போவார்கள், ஏனென்றால் உடைத்தால்தான் அங்கே பணம் புரளும்.

ஆகவே என் கருத்து ஒன்றுதான். முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். சாமான் வாங்க வேண்டுமென்றால் நீங்களே கடைக்குப் போய் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். குழாய், டைல்ஸ், கோப்பை, சிமெண்ட் மூட்டை எல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் முதல் சம்மட்டி அடி விழ வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாத ஒப்பந்ததாரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

"அப்படிச் சொன்னால் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள்" என்று என் அலுவலகத்தில் ஒருவர் வாதிட்டார். வருகிறார்கள். ஒப்பந்ததாரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பதித்த டைல்ஸைப் பார்த்து நிறம் பிடிக்கவில்லை என்று பெயர்க்கச் சொல்பவர்களும், வேலை முடிந்த பின் கடைசித் தவணையைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஏமாந்தவர்தான் முன்பணத்தைப் பெரிதாகக் கேட்கிறார். அதற்கு வழி வாரந்தோறும் கணக்குப் பார்த்து, முடிந்த அளவுக்குத் தாமதமில்லாமல் கொடுத்துவிடுவது. இருவருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆள் வராத கோபத்தை, வந்த ஆளின் மேல் காட்டாதீர்கள். தினக்கூலிக்கு வரும் கொத்தனாரும் சித்தாளும் நம்மைவிட அதிகமாக ஏமாற்றப்பட்டவர்கள். "இந்தத் தொழிலில் எல்லோருமே திருடர்கள்" என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. என் வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்தக் கொத்தனார்.

சமையலறைக் கூரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. முறையாகச் செய்வதென்றால் தளர்ந்த பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, கம்பி மிகவும் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதன் பிறகே பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆள், துருப்பிடித்த கம்பியின் மேலேயே சிமெண்ட் கலவையை அப்பி, கரணையால் வழவழவென்று இழுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது. ஒன்பதாம் நாள், அம்மா காபி கலந்துகொண்டிருக்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு அடுப்பு மேடையில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உட்புறம் செங்காவி நிறத்தில் கம்பியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அந்தச் சில்லை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அன்றே ஒப்பந்ததாரரின் வேலையை நிறுத்தினேன். அப்பாவின் நண்பர் மகன் கட்டடப் பொறியாளர். அவர் வந்து அளந்து, நடந்த வேலையின் மதிப்பு சுமார் 70,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். நான் கொடுத்திருந்தது 3,10,000. மீதியைத் திருப்பித் தரும்படி ஒப்பந்ததாரருக்குக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீட்டுக் கட்டுமானத்தையும் சேவை என்றே வரையறுக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பலர் இதை அறியாமல், போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வங்கி வழியாகப் பணம் அனுப்பியதும், "நாளைக்கு ஆள் வரும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை நான் அழிக்காததும்தான் இன்று என் கையில் இருக்கும் சாட்சி.

மீதி வேலையை அந்தக் கொத்தனாரையே நேரடியாக வைத்துச் செய்தேன். சனிக்கிழமை மாலை கூலி, ஒரு வாரம்கூடத் தவறவில்லை. குழாய்ச் சாமான்களைப் பாரிமுனைக்குப் போய் நானே வாங்கினேன். சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்த பிறகு, மூடுவதற்கு முன் பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். மாடியில் புதிதாகப் போட்ட காங்கிரீட்டுக்குப் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினார். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456உம் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது என்று பொறியாளர் பிறகு சொன்னார். கொத்தனாருக்கு அந்த விதியின் எண் தெரியாது. வேலை தெரியும்.

டைல்ஸ் பதிக்கும் முன், குளியலறை வடிகால் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, தரை முழுவதும் நான்கு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தினோம். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும் என்றார் கொத்தனார். அம்மா ஒரு பென்சிலைக் கேட்டு வாங்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சுவரில் தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு போட்டார். அந்த இரண்டு நாளும் காலையிலும் மாலையிலும் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை கொத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி, கோடு அசையவில்லை" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் யாருக்காவது வேலை இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள். அவரிடம் அனுமதி கேட்டு எண் தருகிறேன். கூலியைச் சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும்.