சி.எம்.இ. ஒருங்கிணைப்பாளருக்கு ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம்?

அமெரிக்காவில் தொடர் மருத்துவக் கல்வி (சி.எம்.இ.), அதாவது மருத்துவர்கள் பணியில் இருந்துகொண்டே எடுக்கும் பயிற்சிகள், இவற்றை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போகலாமா, சம்பளம் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் சம்பளம் பேசும்போது விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என் ஆதங்கமெல்லாம் ஒன்றுதான்: பல மருத்துவமனைகள் இதை விழா ஏற்பாட்டு வேலையாகவே பார்க்கின்றன, ஊதியத்தையும் அந்தக் கணக்கிலேயே போடுகின்றன.

அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் இந்த வேலைக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கவில்லை. பக்கத்து வேலைகளைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். 2023 மே மாத நிலவரப்படி, மாநாட்டு ஏற்பாட்டாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) 56,920 டாலர். பணியாளர் பயிற்சி வல்லுநர்களுடையது 64,340 டாலர். உங்களை எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஏழாயிரம் டாலருக்கு மேல் கூடும் அல்லது குறையும்.

அறை பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, வருகைப் பதிவு எடுப்பது எல்லாம் எங்கள் வேலைதான். அது எளிய பகுதி. கடினமானது வேறு. மருத்துவர்களுக்கான கிரெடிட் (பயிற்சி எடுத்ததற்கான மதிப்பலகு) வழங்கும் நிறுவனங்களை அங்கீகரிக்கும் ஏ.சி.சி.எம்.இ. அமைப்பின் விதிகள் 2022 முதல் இன்னும் இறுகியிருக்கின்றன. பேச வருபவரும் திட்டமிடும் குழுவினரும் கடந்த 24 மாதங்களில் மருந்து, கருவி நிறுவனங்களோடு வைத்திருந்த பண உறவுகளை, தொகை எவ்வளவு சிறியதானாலும், தெரிவித்தாக வேண்டும். படிவங்களைத் துரத்தித் துரத்தி வாங்குவது நாங்கள். ‘எதுவும் இல்லை’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார்; நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுத்த பணத்தை வெளியிடும் அரசின் ஓப்பன் பேமெண்ட்ஸ் தளத்தில் தேடினால் அவர் பெயருக்கு நேரே ஒரு நிறுவனம் கொடுத்த தொகை இருக்கும். அவர் துறைத் தலைவராகவே இருந்தாலும் சரி, அவரிடம் போய், “டாக்டர், இது விடுபட்டிருக்கிறது” என்று சொல்ல வேண்டியது அந்த அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர். நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்து, “இதற்கும் கிரெடிட் போட்டுவிடுங்கள்” என்பார்கள். முன்கூட்டியே அனுமதி பெறாத நிகழ்ச்சிக்குப் பின்தேதியிட்டுக் கொடுக்க விதியில் இடமே இல்லை. அந்த மறுப்பையும் நாங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் தவறினால் நிறுவனத்தின் அங்கீகாரமே ஆட்டம் காணும். இவ்வளவு பொறுப்பு இருக்கிற வேலைக்கு எழுத்தர் ஊதியம் கொடுப்பது அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேலை வாய்ப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் மருத்துவர் உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டுகளுக்கு 50 மணி நேரம், மிச்சிகனில் மூன்று ஆண்டுகளுக்கு 150 மணி நேரம் படித்தாக வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித்தரும் மருத்துவர்களுக்குப் போதைப் பழக்கச் சிகிச்சை குறித்த 8 மணி நேரப் பயிற்சி 2023 ஜூனிலிருந்து கட்டாயமாகியிருக்கிறது. சட்டமே கேட்கும் கல்வி இது, நின்றுவிடாது. சான்றிதழ் அனுப்புவதையும் நினைவூட்டல் எழுதுவதையும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். ஒருவரின் பண உறவு அவர் பேசப்போகும் தலைப்போடு மோதுகிறதா என்று தீர்மானிக்க மனிதர் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது ஏணி இல்லாததுதான். பல மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு ஒரே ஆள்; மேலே ஏறப் படியே கிடையாது. உயர வேண்டுமானால் இடம் மாற வேண்டும்: மருத்துவக் கல்லூரி, சிறப்பு மருத்துவச் சங்கம், கல்வி நிறுவனம் என்று. இந்தத் துறையினருக்கான சி.எச்.சி.பி. என்ற தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வை எழுதிச் சான்று பெற்றவர்களுக்கு இந்த மாற்றம் எளிதாகிறது என்பது என் அனுபவம். பயிற்சி மேலாளர்களின் இடைநிலைச் சம்பளம், அதே 2023 கணக்கில், 125,040 டாலர். அந்த உயரம் கற்பனை அல்ல.

கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் 2023 முதலும் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்வது பொதுவாகச் சட்டப்படி கட்டாயம். நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும், சம்பளம் பேசும்போது காட்ட அந்த விளம்பரங்களைச் சேர்த்து வையுங்கள். பணி விவரத்தில் ‘நிகழ்ச்சி ஏற்பாடு’ என்று மட்டும் இருந்தால், பண உறவு ஆய்வு, அங்கீகார அறிக்கை தயாரிப்பு ஆகியவற்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் ஏ.சி.சி.எம்.இ. அங்கீகாரம் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பாராட்டோடு கிடைத்தால் ஆறு ஆண்டுகள். புதுப்பிப்புக்கு முந்தைய ஆண்டில், தன்னாய்வு அறிக்கை தொடங்குவதற்கு முன்பே, ஊதிய மறுமதிப்பீட்டைக் கேட்டுவிடுங்கள்.