கிட்டார் உலகில் கதைக்கா பஞ்சம்?

இன்றைய கிட்டார் உலகில் ஆவணப்படம் எடுக்கும் அளவுக்கு ஆட்களே இல்லை என்ற பேச்சை இனியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. இசை ஆவணப்படங்களில் வேலை செய்கிற எனக்கு, புதிய கருவோடு பணம் போடுகிறவர்களின் முன்னால் உட்காரும்போதெல்லாம் இதே பேச்சுதான் கிடைக்கிறது. பெரிய பெயர் யார், அவர் எப்போது வீழ்ந்தார், எப்படி மீண்டெழுந்தார், போதைப் பழக்கம் ஏதேனும் இருந்ததா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் கதையே இல்லை என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதன் விளைவாக, அதே பிரிட்டிஷ், அமெரிக்க ராக் நட்சத்திரங்கள் பழைய லெஸ் பால் ரக எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கு முன் அமைத்த ஒரு ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு, எப்படிப் பிறந்தது என்று மறுபடியும் மறுபடியும் விளக்குகிறார்கள். அவர்களுடைய வாசிப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதற்காக அரைத்த மாவையே எத்தனை காலம் அரைப்பது?

2020-இல் அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபெய்ன் வாசித்த மார்ட்டின் கிட்டார் ஒன்று 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோது உலகெங்கும் அது செய்தியானது. ஒரு கிட்டாரின் விலைக்கு இவ்வளவு கவனம் கொடுப்பவர்களுக்கு, கிட்டாரைச் செய்கிறவர்களின் வாழ்க்கை ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். தென் கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரிலும், உலகப் புகழ்பெற்ற வேறு நிறுவனங்களின் பெயர்களிலும் கிட்டார்களைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. 2007-இல் அது இஞ்சான், தேஜான் நகரங்களில் இருந்த ஆலைகளின் தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. தேஜான் ஆலைக்குச் சன்னல்களே இல்லை, வெளியே பார்த்தால் வேலை கெடும் என்பதே அதற்குக் காரணம் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கூடாரம் அமைத்துப் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், வெளிநாடுகளில் நடக்கும் இசைக்கருவிக் கண்காட்சிகளின் வாசலுக்கே போய் நியாயம் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கிட்டார் செய்தும் அதை வாசிக்கத் தெரியாதிருந்த அந்த மனிதர்கள், போராட்டத்தின் நடுவில் வாசிக்கக் கற்றுக்கொண்டு தங்களுக்கென ஓர் இசைக்குழுவையே தொடங்கினார்கள். 2019 ஏப்ரலில்தான் உடன்பாடு ஏற்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்! கொரியாவின் சுயாதீனப் படைப்பாளிகள் இதைப் படம்பிடித்திருக்கிறார்கள். ஆனால் நட்சத்திரங்களின் படங்களுக்குக் கிடைக்கும் திரைகளும் விளம்பரமும் அதற்குக் கிடைக்கவில்லை. இதில் கதை இல்லை என்று சொல்கிறவருக்குக் கதை என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

கலிபோர்னியாவின் ஃபெண்டர் கிட்டார் தொழிற்சாலையில் 1956-இல் சேர்ந்து 2013-இல் ஓய்வுபெற்ற அபிகாயில் இபாராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் என்ற பாகத்தைச் செய்வதுதான் அவருடைய வேலை. நாம் மேதைகளின் ஒலி என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு அந்தச் சுற்றில் இருக்கிறது. அவர் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்ட பிக்கப்புகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

மரத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நம் நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) இல்லாமல் இன்றைய கிட்டார் உலகமே இல்லை. 1960-களின் இறுதியில் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதன்பின் உலகின் எண்ணற்ற அக்கவுஸ்டிக் கிட்டார்களின் பின்பலகையும் பக்கப்பலகையும் நம் காட்டு மரமாயின. இதே மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டம் கொண்டுவந்து, பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்டக் கூடாது என்றது. 2011-இல் அமெரிக்க அதிகாரிகள், சட்டத்தை மீறிய இறக்குமதி என்ற சந்தேகத்தில், கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டு இந்தியாவிலிருந்து வந்த மரத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு, மடகாஸ்கர் கருங்காலி தொடர்பான முந்தைய வழக்கையும் சேர்த்து, 3 லட்சம் டாலர் அபராதத்துடன் சமரசம் ஏற்பட்டது, இந்திய மரம் திருப்பித் தரப்பட்டது. 2017 சனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், கிட்டாரோடு எல்லையைக் கடப்பதற்கே இசைக்கலைஞர்கள் அஞ்சினார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில்தான் விலக்கு கிடைத்தது. காடு, சட்டம், சுங்கம், பட்டறை, மேடை என்று ஒரே மரத்தைப் பின்தொடர்ந்தால் ஒரு முழுநீளப் படம் தானாகவே அமையும். அதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த கேள்வி, "இதில் யாராவது பிரபலம் வாசிப்பாரா?"

வாசிக்கிறவர்களிலும் ஆளில்லாமல் இல்லை. நைஜர் நாட்டின் எம்டூ மொக்தார், மிதிவண்டியின் பிரேக் கம்பிகளைத் தந்திகளாகக் கட்டித் தானே செய்த கிட்டாரில் கற்றவர். அவருடைய பாடல்கள் கைப்பேசிகளின் மெமரி கார்டுகள் வழியே சகாராவெங்கும் பரவின. 2023 சூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த அவருடைய குழு ஊர் திரும்ப வழியில்லாமல் தவித்தது. இன்ஸ்டாகிராமின் சிறு காணொளிகளால் உலகப் புகழ் பெற்ற பிரேசிலின் மாதேயுஸ் அசாட்டோ, 2021-இல் அந்தத் தளத்திலிருந்தே சில காலம் விலகியிருந்தார். ஒரு நிமிட வாசிப்புக்குள் இசையைச் சுருக்கச் சொல்லும் இக்காலத்தைப் பற்றிப் பேச அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இங்கே இன்னொரு தடையையும் சொல்லியாக வேண்டும். இன்றைய இளம் கலைஞர் பலர் ஏதாவது ஒரு கருவி நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். படத்துக்குச் சம்மதம் கேட்டால் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுதான் பதில் சொல்கிறது: எந்தக் கிட்டார் திரையில் தெரிய வேண்டும், எதைக் கேட்கக் கூடாது, இறுதி வடிவத்தை யார் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுகிறார்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டு எடுப்பது நீண்ட விளம்பரம்; அதை ஆவணப்படம் என்று அழைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது நம் ஊரில் நடப்பதுதான். இளையராஜாவின் குழுவில் பல பத்தாண்டுகள் கிட்டார் வாசித்த சதானந்தத்தின் விரல்களைக் கேட்காத தமிழ்க் காது அரிது; அவர் பெயர் தெரிந்தவர்களோ மிகச் சிலர். வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை இசைத்தட்டின் உறையில் போடும் வழக்கமே அன்று அநேகமாக இல்லை. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் காலை முதல் இரவுவரை உட்கார்ந்து, தாளில் எழுதிக் கொடுத்த சுரத்தை அந்த நொடியிலேயே பாட்டாக்கிய ஒரு தலைமுறையைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த திட்டத்தை ஒரு நிறுவனம் திருப்பி அனுப்பியது. பார்வையாளர்களுக்கு இவர்களைத் தெரியாது, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் பேட்டிக்கு ஒத்துக்கொண்டால் மீண்டும் வாருங்கள் என்றது அந்தப் பதில். தெரியாது என்பதால்தானே படமெடுக்க வேண்டும் என்கிறேன்! அந்தப் பதிலுக்குப் பிறகும் மூத்த வாத்தியக் கலைஞர்களின் பேச்சைப் பதிவுசெய்வதை நான் நிறுத்தவில்லை. ஒரு கேமராவும் நல்ல மைக்கும் இப்போதைக்குப் போதும், வெளியிட இடம் கிடைக்குமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.