மெரியன் வெறும் ‘படம் போட்டவர்’ இல்லை

ஞாயிற்றுக்கிழமை உரையாடலைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கேட்காதவர்களுக்கு: பூச்சிகளை வளர்த்துப் பார்த்து வரைந்த 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பெண் மரியா சிபில்லா மெரியனின் பெயர் வந்ததும், “அவங்க படம் போட்டவங்கதானே, விஞ்ஞானி இல்லையே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார் நண்பர். யாரும் மறுக்கவில்லை. மூன்று நாளாகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

படம் போட்டவர்தான். அந்தப் படத்துக்காக அவர் என்னவெல்லாம் செய்தார் என்று பார்க்க வேண்டாமா? 1647இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் ஒரு பூ ஓவியர், தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 13 வயதில் இந்தப் பெண் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தாள். புழு பூச்சியெல்லாம் சேற்றிலும் அழுகலிலும் தானாக உண்டாகிறது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இவர் புழுவைப் பெட்டியில் வைத்து, தினமும் இலை போட்டு, முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1679இல் வந்த அவருடைய புழுப் புத்தகத்தில் 50 படங்கள். புழு எந்தச் செடியைத் தின்கிறதோ அந்தச் செடியின் மேலேயே அதன் முழு வாழ்க்கையும் இருக்கும். இன்று நாம் சூழலியல் என்று சொல்கிற பார்வை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பார்க்காமல் அதை வரைய முடியாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவருக்கு வரைவதும் ஆராய்வதும் ஒரே வேலை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழுவைப் பார்த்தேன். முதலில் காக்கை எச்சம் மாதிரி இருந்தது. நாலைந்து நாளில் பச்சையாகிவிட்டது. விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, ஒரு புளித்த வாடை விடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து வளர்த்தேன். ஒரு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து கூட்டுப்புழுவானது. வண்ணத்துப்பூச்சி வரும் என்று காத்திருந்தால், ஒருநாள் கூட்டில் ஒரு ஓட்டை, பாட்டில் முழுக்கக் கொசு அளவில் குட்டிக் குளவிகள், கூட்டுப்புழுவுக்குள்ளேயே ஒட்டுண்ணியாக வளர்ந்தவை. அழுதேன். அப்புறம் அதையும் வரைந்தேன். பள்ளியில் அந்த நோட்டைக் காட்டியபோது கிடைத்த பதில், “படம் நல்லா இருக்கும்மா, பாடத்தைப் படி.” புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக வேறு பூச்சிகள் வருவதை மெரியன் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

“அவர் படங்களில் தப்பு இருக்கிறதே” என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். இருக்கிறது. தென் அமெரிக்காவில் அன்று டச்சுக் காலனியாக இருந்த சுரினாமுக்குப் போய்வந்து அவர் போட்ட புத்தகத்தின் 18ஆம் படத்தில், கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி ரீங்காரச் சிட்டைக் (ஹம்மிங்பேர்ட்) கவ்விக்கொண்டிருக்கும். பக்கத்துக் கூட்டில் நான்கு முட்டைகள். அந்தக் குருவி இரண்டுதான் இடும். சரி, தப்பு. ஆனால் சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று பிற்காலத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள்! 1830களில் லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார், சுரினாமையே பார்க்காமல், மெரியனின் புத்தகத்தை விமர்சனத்தில் கிழி கிழி என்று கிழித்தார். கில்டிங் கையில் இருந்ததோ மெரியன் இறந்த பிறகு மற்றவர்கள் படங்களைச் சேர்த்து வெளியிட்ட பதிப்பு. 1863இல் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அமேசானில் அப்படி ஒரு சிலந்தியிடம் சிக்கிய பறவைகளைத் தானே பார்த்ததாக எழுதியபோதுதான் சிரித்தவர்கள் வாய் அடைத்தது. நான்கு முட்டையை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

அந்தச் சுரினாம் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். கணவரைப் பிரிந்த பெண், 52 வயது, வருஷம் 1699. தன் ஓவியங்களை விற்ற பணத்தில், இளைய மகள் டொரோத்தியாவைக் கூட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பல் ஏறினார். சர்க்கரையைத் தவிர வேறு எதையோ தேடுகிறாளே என்று அங்கிருந்த தோட்ட முதலாளிகள் கேலி செய்ததை அவரே எழுதியிருக்கிறார். நோய் தாங்காமல் 1701இல் திரும்பினார். 1705இல் 60 படங்களோடு அந்தச் சுரினாம் புத்தகம் வந்தது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் பின்னாளில் அதே சிலந்திக்குப் பறவையை வைத்தே ‘அவிகுலேரியா’ என்று பெயரிட்டார். பெயர் வைத்தவர் விஞ்ஞானி. பார்த்து வந்தவர் மட்டும் படம் போட்டவரா?

“அங்கே அடிமைகளை வைத்து வேலை வாங்கினாரே” என்பது இன்னொரு கேள்வி. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. காட்டில் வழி வெட்டியவர்களும் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் பெயர் புத்தகத்தில் இல்லை. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் மயில்கொன்றைப் படத்தின் பக்கத்தைப் படியுங்கள். டச்சுக்காரர்களிடம் படும் கொடுமையில், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக்கூடாது என்று அடிமைப் பெண்கள் அந்த விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள் என்று எழுதுகிறார். அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகவும் எழுதுகிறார். பூவின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருமுனை வீட்டு வாசலில் மயில்கொன்றை இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும், நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நீளமான கேசரங்களும். பேருந்துக்கு நிற்கும்போது எப்போதும் ஒன்றைப் பறித்து நகத்தில் ஒட்டி விளையாடுவேன். அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து பறிப்பதில்லை.