1985-ஐயும் அந்தப் படத்தில போடுங்கோ, அண்ணை

போன சனிக்கிழமை இஞ்ச பேர்லினில எங்கட தமிழ்ச் சனம் கூடின மண்டபத்தில நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் மூண்டு நாள் பொறுத்திருந்தன். நேற்று இரவு அந்த வீடியோத் துண்டு நாலாவது வாட்ஸப் குழுவிலயும் வந்து விழுந்தாப் பிறகு ஏலாமல் போச்சு. யார், எந்த மேடை எண்டு நான் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். பேர்லின் சனத்தொகை எண்டு ஒரு வரைபடத்தைத் திரையில போட்டு, சிரியாக்காரர் வந்த 2015-ஐயும் உக்ரேன்காரர் வந்த 2022-ஐயும் சிவப்பால வட்டம் கீறி, "இந்த வெள்ளத்துக்குப் பிறகு இது எங்கட நகரமே இல்லை" எண்டு சொன்னதும், முன்வரிசை கை தட்டினதும் அதில வடிவாத் தெரியுது.

வெள்ளம். அந்தச் சொல்லைக் கேட்ட உடன எனக்கு நெஞ்சு அடைச்சது. ஏன் எண்டு பிறகு சொல்லுறன். முதல்ல அந்த வரைபடத்துக்கு வாறன். அது 1990-இல தொடங்கினது. அதுக்கு முதல் இந்த ஊரில ஒருத்தரும் இருக்கேல்லையோ?

ஐரோப்பாவில நடந்த முப்பது வருசப் போர் 1648-இல முடியேக்க பேர்லினில மிஞ்சினது ஏறக்குறைய 6,000 பேர். போருக்கு முதல் இருந்ததில அரைவாசி. "உண்மையான பேர்லின்காரர்" எண்டு ஆரையும் தேடுறதெண்டால் அந்த 6,000 பேரின்ர பூட்டப்பிள்ளையளைத்தான் தேடவேணும். மிச்சம் எல்லாரும் வந்தவை. நான் வந்தவள், நீங்கள் வந்தவை, எங்களை முறைச்சுப் பார்க்கிற பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவரின்ர பாட்டனும் எங்கயோ இருந்து வந்தவர்தான்.

அந்த வெறும் ஊரை நிரப்ப, அப்ப அதை ஆண்ட சிற்றரசரே ஆக்களைக் கூப்பிட்டவர். 1671-இல வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பங்களில ஐம்பதுக்கு இடம் குடுத்தவர். 1685-இல பிரான்ஸ் மன்னர் புரட்டஸ்தாந்துக்காரரின்ர வழிபாட்டைத் தடை செய்ததும், "இஞ்ச வாங்கோ, வரிச்சலுகை தாறன்" எண்டு பொட்ஸ்டாமில ஆணை போட்டவர். 1700 அளவில பேர்லினில ஐஞ்சு பேரில ஒருத்தர் பிரெஞ்சுக்காரர். ஐஞ்சில ஒருத்தர்! கை தட்டினவை இதில ஒருக்கா நிண்டு யோசியுங்கோ. இண்டைக்கு ஐஞ்சில ஒருத்தர் சிரியாக்காரர் எண்டால் என்ன பாடு படுத்துவியள்? அண்டைக்கு வந்த அந்த அகதியளின்ர மொழியில இருந்துதான், நாங்கள் வேலையிடத்துக் கன்டீனில "பேர்லின் சாப்பாடு" எண்டு வாங்கித் தின்னுற புலெட்டை எண்ட இறைச்சி உருண்டைக்குப் பெயரே வந்தது.

நொய்க்கோல்னில பாதிப் பேர் இருக்கிறியள். ரிஷார்ட் சதுக்கத்துக்குப் பக்கத்தில கிர்ஷ்காஸ எண்டு ஒரு சின்ன ஒழுங்கை இருக்கு, போயிருக்கிறியளோ? 1737-இல பொஹேமியாவிலிருந்து (இண்டைக்குச் செக் நாடு) மதத்துக்காக ஓடிவந்த 18 குடும்பங்களுக்கு அங்க காணி குடுத்தவை. ஊர் அப்ப ரிக்ஸ்டோர்ப். அந்த ஒழுங்கையில ஒரு மன்னர் சிலை நிக்குது. 1912-இல வைச்சது. பீடத்தில, இங்க ஏற்றுக்கொள்ளப்பட்ட பொஹேமியரின்ர நன்றியுள்ள சந்ததியினர் எண்டு ஜேர்மனில எழுதியிருக்கு. 175 வருசம் கழிச்சும் தாங்கள் ஓடிவந்த ஆக்கள் எண்டதை அவை கல்லில வெட்டி வைச்சிருக்கினம். நாங்கள் 40 வருசத்தில மறந்திட்டம்.

பிறகு ஆலைகள் வந்த காலம். 1877-இல பத்து லட்சம், 1905-இல இருபது லட்சம். 28 வருசத்தில இரட்டிப்பு! சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரசியா எண்டு எல்லாப் பக்கமிருந்தும் பெட்டியோட வந்து இறங்கின சனம். இரவு வேலைக்காரன் எழும்பிப்போற கட்டிலில பகல் வேலைக்காரன் வந்து படுக்கிறது, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் வாடகை. இதை முதல்முதல் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெண்டால் எங்கட ஹைமிலயும் (அகதி விடுதி) 1985-இல அதே கதைதான். நாலு கட்டில், ஏழு பேர்.

1920-இல ஒரு வேடிக்கை. அக்டோபர் 1-ஆம் திகதி 19 லட்சமா இருந்த பேர்லின் 38 லட்சமா ஆச்சுது. ஒரு "வெள்ளமும்" வரேல்லை. சுத்தியிருந்த 7 பட்டணங்களையும் 59 கிராமங்களையும் 27 பண்ணைகளையும் சேர்த்து நகரின்ர எல்லையை மாத்தினவை, அவ்வளவுதான். கோடு ஏறினால் சனம் வந்து குவிஞ்சது எண்டு மேடையில கத்துற ஆக்கள் எல்லைக் கோட்டையும் ஒருக்காப் பார்க்கவேணும்.

1939-இல இந்த நகரத்தில 43 லட்சம் பேர். இண்டைக்கு 40 லட்சமே இல்லை. "நிரம்பி வழியுது, மூச்சு விட ஏலாது" எண்டு சொல்லுற அண்ணையள், இது ஒரு காலத்தில இருந்ததைவிடச் சின்னன் ஊர். அந்த 43 லட்சம் எப்பிடிக் குறைஞ்சது எண்டும் கேளுங்கோ. 1933-இல இங்க 1,60,000 யூதர் இருந்தவை. நாசியள் ஏறக்குறைய 55,000 பேரைக் கொலை செய்தவை, மிச்சப்பேரில பெரும்பாலானவையைத் துரத்தினவை. என்ர வீட்டு வாசலில நடைபாதையில, அங்க இருந்த யூதரின்ர பெயர் வெட்டின நாலு பித்தளைக் கல் பதிச்சிருக்கு. நாலிலயும் ஒரே குடும்பப் பெயர். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயசு. குளிர்காலம் முடிய நான் அதைத் துணி போட்டுத் துடைக்கிறனான். "இது எங்கட நகரம் இல்லாமப் போச்சு" எண்ட பேச்சு இந்தத் தெருவுகளில முதலும் ஒருக்காக் கேட்டது. அதுக்குப் பிறகு வந்த போரிலதான் அந்தக் கோடு விழுந்தது. 1945 ஆகஸ்டில எண்ணினபோது 28 லட்சம்.

நான் 19 வருசம் முதியோர் இல்லத்தில வேலை செய்தனான், உங்களில பலருக்குத் தெரியும். அங்க ஒரு அம்மா இருந்தவ, சிலேசியாக்காரி. அப்ப ஜேர்மன் மாகாணம், இண்டைக்குப் பெரும்பகுதி போலந்தில. 1945-இல ஒன்பது வயசில தாயோட நடந்து வந்தவ. இரவில சாப்பாட்டில மிஞ்சிற பாண் துண்டை நாப்கினில சுத்தி, அலுமாரி இழுப்பில காலுறையளுக்குக் கீழ ஒளிச்சு வைப்பா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் அந்தப் பூஞ்சணம் பிடிச்ச பாணை எடுத்து எறிஞ்சுபோட்டு, அவவுக்குத் தெரியாமல் புதுத் துண்டு வைச்சிடுவன். ஒருநாள் சொன்னா: "எங்களைப் பேர்லினில ஒரு இரவுக்கு மேல வைச்சிருக்கேல்லை. போலாக்குகள், போலந்துக்காரர் எண்டு துப்பினவை. நாங்கள் கதைச்சது ஜேர்மன்தான்." தங்கட மொழி, தங்கட நிறம், தங்கட மதம். அதுக்கே துப்பினவை. எங்களைத் துப்பாமல் விட்டிருப்பினமோ?

இப்ப வெள்ளத்துக்கு வாறன்.

1985 பெப்ரவரி. கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லினில ஷோனபெல்ட் விமான நிலையம். கையில ஒரு நாள் ட்ரான்சிட் விசா. அங்கயிருந்து பிரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்டேசன். ஓடு பதிச்ச நீட்டு நடை, கதவு, இன்னொரு நடை, மேல ஏற எஸ்-பான் றெயில். கிழக்குக்காரன் போகவிட்டான். மேற்கில மறிக்க ஒருத்தரும் இல்லை, ஏனெண்டால் மேற்குக்கு அது எல்லையே இல்லை, பேர்லின் ஒரே ஊர் எண்டு அவை சொல்லிக்கொண்டிருந்தவை. அந்த ஓட்டையாலதான் நாங்கள் வந்தம். நானும் வந்தன். கை தட்டினவையில அரைவாசிப் பேரும் வந்தவை. மேடையில நிண்டவரும் வந்தவர்.

அப்ப பேப்பர்காரர் எங்களுக்கு வைச்ச பெயர் என்ன தெரியுமோ? "அசூலாண்டன்ப்ளூட்". அகதி வெள்ளம். சோசியல் எண்ட அரச உதவிக் காசுக்கு வந்தவை, பொய்க்கதை சொல்லுறவை எண்டு எழுதினவை. அந்த 1985 நடுப்பகுதியிலயே மேற்கு கேட்டுக்கொண்டதால கிழக்கு ஜேர்மனி எங்கட ஆக்களுக்கு அந்த வழியை அடைச்சுது. என்ர தங்கச்சி நாலு மாதம் பிந்தினவள். ரிக்கற் காசும் கட்டியாச்சு. அவள் இண்டைக்கும் வவுனியாவில. அடைக்கிறதுக்கு முதல் அவையும் ஒரு வரைபடம் வைச்சுத்தான் கதைச்சிருப்பினம். சிவப்பு வட்டமும் கீறியிருப்பினம்.

"அக்கா, நாங்கள் போரால வந்தம், உழைச்சம். இவை காசு எடுக்க வருகினம்" எண்டு கீழ எழுதப்போறியள். எனக்குத் தெரியும். சிரியாவின்ர அலெப்போவில என்ன பட்டாசோ வெடிச்சது? உழைச்சம் எண்டு நெஞ்சை நிமித்துறியள், உழைக்க விட்டவையோ எங்களை? அசூல் (புகலிடம்) கேட்டவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது. சோசியல் எடுத்துத்தான் அரிசி வாங்கினம். நாடு கடத்தாமல் தற்காலிகமா விட்டு வைக்கிற டுல்டுங் பேப்பரை மடிச்சு மடிச்சு மடிப்பில கிழிஞ்சு, செலோடேப் ஒட்டிக்கொண்டு திரிஞ்ச ஆக்கள் நாங்கள். அதை ஏன் பிள்ளையளுக்குச் சொல்லாமல் மறைக்கிறியள்?

"பிரெஞ்சுக்காரர் தொழில் தெரிஞ்சவை, கூப்பிட்டு வந்தவை, அது வேற." ஓம், கூப்பிட்டவர்தான். வரி வேணும், ஆள் வேணும். அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் உங்களை ஆர் கூப்பிட்டது?

"வாடகை ஏறிப்போச்சு, என்ர மகனுக்கு வீடு கிடைக்குதில்லை." இது உண்மை, எனக்கும் நோகுது. என்ர மகளும் இரண்டு வருசமா வீடு தேடுறாள், ஒரு வீட்டைப் பார்க்க நூறு பேர் வரிசையில நிக்கினம். ஆனால் 2004-இல இந்த நகர அரசு தன்னிட்ட இருந்த 60,000-க்கும் மேற்பட்ட வீட்டை ஒரே அடியா முதலாளியளுக்கு வித்ததே, அதைச் சிரியாக்காரனோ வித்தவன்? அப்ப சனம் குறையும் எண்டு சொன்னவை. வரைபடம் பார்த்துத்தான் சொன்னவை.

"களவு, கத்திக்குத்து" எண்டு வாறவைக்கு நான் பதில் எழுதப்போறதில்லை. எங்கட பெடியள் வாளோட ஓடின காலமும் எனக்கு ஞாபகம் இருக்கு.

2022 மார்ச்சில உக்ரேன் சனம் ஹவுப்ட்பான்ஹோப் எண்ட பெரிய ஸ்டேசனில வந்து இறங்கேக்க நானும் தேத்தண்ணிப் போத்தலோட போனனான். பிரீட்ரிக்ஸ்ட்ராஸவில ஏறினால் மேற்கில முதல் வாற ஸ்டேசன் அந்த இடம்தான், அப்ப லேர்ட்டர் எண்டு பெயர். ஒரு பொம்பிளை, ஒரு தோளில பிள்ளை, மற்றக் கையில பூனைக் கூடு. தேத்தண்ணியை வாங்கக் கை இல்லை. கூட்டைக் கீழ வைக்கப் பயந்து, குனிஞ்சு என்ர கையிலிருந்தே குடிச்சாள். அவளையோ சிவப்பால வட்டம் கீறினது?

மேடையில நிண்ட அண்ணை, உங்களோட நேர கதைக்கிறன், நீங்கள் இதை வாசிப்பியள் எண்டு தெரியும். ஒரே ஹைமில ஒரே குசினியில சமைச்சம். உங்களுக்குக் குளிர்ச் சட்டை இல்லை எண்டு, சேர்ச்சில தந்த இரண்டில ஒண்டை என்ர தமையன் உங்களுக்குக் கழட்டித் தந்தது மறந்து போச்சோ? மண்ணிறச் சட்டை, ஒரு தெறி இல்லை. அந்தத் தெறியைத் தைச்சுத் தந்தவள் நான். அந்தச் சட்டையோடதான் நீங்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில விடிய நாலு மணிக்கு வரிசையில நிண்டனீங்கள்.

என்ர தமையன் சனிக்கிழமை முன்வரிசையில இருந்தவன். அவனும் கை தட்டினவன். அதை நான் இன்னும் அவனிட்டக் கேக்கேல்லை. போன் அடிக்கிறான், நான் எடுக்கேல்லை.

அடுத்த வருசமும் உங்களுக்கு மேடை தருவினம். அந்த வரைபடத்தைத் திரும்பவும் போடுங்கோ, ஆனால் 1648-இல இருந்து போடுங்கோ. 1985-க்கு வந்ததும் அந்தச் சிவப்புப் பேனையை எடுத்து வட்டம் கீறி, பக்கத்தில உங்கட பெயரை எழுதுங்கோ. என்ர பெயரையும் எழுதலாம், நான் எழும்பி நிக்கிறன்.